குட்டி வந்த வாரம்

ஜனவரி 10, 2025, வெள்ளி

உடரட்ட மெனிக்கே ரயில் ஹட்டனுக்கு வந்து சேர மதியம் இரண்டு மணி தாண்டிவிட்டது. திங்கட்கிழமை போயா என்கிற பௌர்ணமி விடுமுறை, சிவனொளிபாத மலை சீசன் வேறு. ஸ்டேஷன் முழுக்கக் கம்பளித் தொப்பி போட்ட யாத்திரிகர்கள். அந்தக் கூட்டத்துக்குள் எங்கள் வீட்டுப் பெண் குட்டியைத் தேடி நாங்கள் எட்டுப் பேர். அத்தனை பேரும் போனதால் திரும்பி வரும்போது வேனில் அவளுக்கே இடமில்லை. தம்பி அவளுடைய பெட்டி மேல் உட்கார்ந்து வந்தான்.

பதினொரு மாதம் ஆப்பிரிக்காவில், மலாவியில் இருந்திருக்கிறாள். தியோலோ என்ற மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். சம்பளம் கிடையாது, தொண்டு.

ஜனவரி 11, சனி

எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது. வெளிநாடு போய் வந்தவள் டீவி, கம்பளி, கழுத்தில் ஒரு சங்கிலியாவது கொண்டுவருவாள் என்பதுதான் இங்கே கணக்கு. இவள் பெட்டியில் இருந்தவை சித்தெஞ்சே என்கிற இரண்டு பூப்போட்ட துணி, தேயிலைத்தூள் ஒரு பைக்கட், ஒரு நுளம்பு வலை. ஒரு துணியை அண்ணி உடனே எடுத்துக்கொண்டாள். அங்கே பெண்கள் பிள்ளையை முதுகில் கட்டுவதும் அதில்தானாம். சின்னவனைக் கட்டிப் பார்த்தோம், ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டான்.

பக்கத்து வீட்டு அக்கா நேராகவே கேட்டாள்: "சம்பளமே இல்லன்னா எதுக்குடி போன?" குட்டி சிரித்துச் சமாளித்தாள். எனக்குத்தான் முகம் சுருங்கியது. போன வருஷம் அதே கேள்வியை நானும் கேட்டு, இரண்டு வாரம் அவளோடு பேசாமல் இருந்தேனே! பெரியக்கா குவைத்தில் வீட்டு வேலை செய்துதான் இந்த வீட்டுக் கூரைக் கடன் தீருகிறது. இன்று ஐமோ வீடியோ அழைப்பில் வந்த பெரியக்கா அதையெல்லாம் பேசவில்லை. "மெலிஞ்சிட்டியேடி" என்றாள், அவ்வளவுதான்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்றைய கூத்து அப்பாயியுடையது. நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவள். மலாவித் தூளை உள்ளங்கையில் கொட்டி, விரலால் உருட்டி, "தூளா இது? கடுகு மாதிரியில்ல இருக்கு" என்றாள். நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி முறையில் அரைத்தது, மணிமணியாகத்தான் இருக்கும். சுடுதண்ணீர் பட்டதும் சிவப்பு இறங்கியது. ஒரு மடக்குக் குடித்தாள். "சாயம் இருக்கு. வாசம் நம்மளோடதுதான்."

ஆப்பிரிக்காவில் வியாபாரத்துக்காகத் தேயிலை போட்ட முதல் நாடு மலாவிதான் என்று குட்டி சொன்னாள். அப்பாயிக்கு அது தேவைப்படவில்லை. "ஒரு பேருக்கு எத்தன கிலோ?"

"44ன்னு சொன்னாங்க அப்பாயி."

இங்கே 18 கிலோவுக்கே நாக்குத் தள்ளுகிறது, பேர் என்கிற ஒரு நாள் சம்பளம் 1,350 ரூபாய். அப்பாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "முத்தின எலையெல்லாம் சேத்து அள்ளியிருப்பாளுக" என்றாள். அங்கே பல இடங்களில் கத்தரி வைத்து வெட்டுவார்கள் என்றதும்தான் அவளுக்கு நிம்மதி.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. வேறு எழுத நேரமில்லை, பதினெட்டுப் பேருக்குச் சோறு.

ஜனவரி 16, வியாழன்

குட்டிக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மலாவி என்று சொன்னதுமே டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அதனால் அந்தப் பக்கம் போய் வந்தவர்களுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் ரத்தம்தான் பார்க்கிறார்கள். வந்து மாதக்கணக்கு ஆனாலும் தலைகாட்டுமாம். விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்தார்கள். அம்மா வெளியே வாங்கில் உட்கார்ந்து முருகனுக்கு எதையெதையோ நேர்ந்துகொண்டிருந்தாள்.

இல்லை என்று வந்தது. வெறும் சளிக்காய்ச்சல். ஜூன், ஜூலையில் தியோலோவிலும் இப்படித்தான் பனித்தூறல் பிடிக்குமாம், சிப்பரோனி என்பார்களாம். அந்தக் குளிரில் ஒரு தும்மல்கூட வராமல் இருந்தவள் நம் பனியில் விழுந்துவிட்டாள்.

ஜனவரி 18, சனி

காய்ச்சல் விட்டது. நுளம்பு வலை மட்டும் இறங்கவில்லை. முதல் ராத்திரியே கூரைக் கட்டையில் ஆணியடித்துக் கட்டிக்கொண்டாள். வலை இல்லாமல் தூக்கம் வராதாம். இந்தக் குளிருக்கு நுளம்பு எங்கே வரப்போகிறது? அண்ணனின் பிள்ளைகள் மூன்றும் அதற்குள்தான். நேற்றுப் பார்த்தால் ஒரு வலைக்குள் நான்கு தலை.

இன்று காலையில் அப்பாயி மெதுவாகக் கூப்பிட்டுக் கேட்டாள்: "அதுக்குள்ள காத்து அடிக்காதாமே. எனக்கும் ஒண்ணு கட்டித் தருவியா?"

தம்பி ஆணி தேடிக்கொண்டிருக்கிறான்.