ஏழாம் மாடிப் பயறும் என் பாசிப்பருப்பும்

ஜனவரி 4, 2025, சனி. ஸ்காபரோ, கனடா

லாண்டரி ரூமில் துணி காய இன்னும் நாற்பது நிமிஷம். மேலே போய்த் திரும்ப இறங்கி வரச் சோம்பலாக இருந்ததால் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஏழாம் மாடி அக்கா வந்தார். பதினாலு மாசமாக லிஃப்டில் பார்க்கிற முகம். இன்றைக்குத்தான் வாய் திறந்தோம்.

"தமிழ்தானே நீங்கள்? இந்தியாவோ? பொங்கலுக்கு என்ன செய்வீங்கள்?"

திருநெல்வேலிப் பக்கம் என்றேன். பொங்கலன்று குக்கரில் நாலு விசில், சாமி படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம், பிறகு அவர் ஆபீஸ் போய்விடுவார் என்றேன்.

"குக்கரிலையோ!" அந்த 'யோ'வில் ஒரு எழவு வீடே இருந்தது.

18ஆம் தேதி கீழே பார்ட்டி ரூமில் எல்லோருமாகப் பொங்குகிறார்களாம், வரச் சொன்னார். எங்கள் ஊரில் பஸ்ஸில் பார்ப்பவரிடம் "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்போமே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 8, புதன்

அந்த மாதிரி இல்லை. கதவைத் தட்டி அழைத்துப் போனார். அக்கா வீட்டில் ஐந்து பெண்கள், தரையில் விரித்த பேப்பரில் ஒரு பட்டியல். 2014இல் ஒன்டாரியோ மாகாணமும் 2016இல் கனடா நாடாளுமன்றமும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்ட பிறகு, மாசம் முழுக்க எங்காவது மேடையும் மைக்கும் இருக்கின்றன. 1989இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த அக்காவுக்கு அதில் பெருமைதான். ஆனாலும், "அங்கை போனால் கதிரையில இருந்து கைதட்டிப்போட்டு வாறதுதான்" என்றார்.

பிறகு சண்டை. பாசிப்பருப்புக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். "பருப்போ? பயறெல்லே வறுத்துப் போடவேணும்!" தேங்காய்ப்பால் விடாமல் அது என்ன பொங்கல் என்று இன்னொருவர். தேங்காய்ப்பாலா என்று நான் வாய்பிளந்ததை யாரும் ரசிக்கவில்லை. கடைசியில் எனக்கு ஒதுக்கிய வேலை முந்திரிகை வத்தல் வாங்குவது.

ஜனவரி 11, சனி

மார்க்கம் ரோடு கடையில் ஒரு கிலோ முந்திரிப்பருப்பு வாங்கிக்கொண்டுபோய் நீட்டினேன். அக்கா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் திராட்சை. முந்திரிக்குக் கஜு, இல்லாவிட்டால் மரமுந்திரிகை. ஒரே மொழி என்று நம்பித்தானே வாங்கினேன்! திரும்ப பஸ் ஏறினேன்.

ஜனவரி 13, திங்கள்

நாலாம் மாடி பஞ்சாபி ஆன்ட்டி லிஃப்டில் கையைப் பிடித்து வேர்க்கடலையும் எள்ளு மிட்டாயும் திணித்தார். இன்றைக்கு லோஹ்ரி. ஊரில் தெருவில் தீ மூட்டிச் சுற்றி வருவார்களாம். இங்கே பால்கனியில் தீக்குச்சி உரசினால்கூடக் கடிதம் வந்துவிடும். மேசையில் மெழுகுவத்தியை வைத்துச் சுற்றினாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார், கண் மட்டும் சிரிக்கவில்லை.

கூட நின்ற பங்களாதேஷ் பெண்ணுக்கு நாளைக்கு பௌஷ சங்கராந்தி. அவர் முஸ்லிம். "குளிர்காலம் வந்தால் பிட்டா, அதுக்கும் மதத்துக்கும் என்ன?" என்றார். அரிசிமாவு, தேங்காய், பனைவெல்லம் வைத்து ஆவியில் வேகவைப்பதாம். பனை என்று அவர் சொன்னது பேரீச்சை மரம் என்பது பிறகுதான் புரிந்தது. கேட்கக் கேட்க எனக்குப் புட்டு ஞாபகம். 2021 கணக்கெடுப்புப்படி கனடாவில் தெற்காசியர் சுமார் 26 லட்சம் பேர். இந்தக் கட்டடத்தில் மட்டும் எத்தனை வீடோ, ஒரே வாரத்தில் தனித்தனியாக இனிப்புச் செய்து தனித்தனியாகத் தின்றுகொண்டிருக்கிறோம். இரண்டு பேரையும் 18ஆம் தேதிக்குக் கூப்பிட்டுவிட்டேன். அக்காவிடம் கேட்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

எட்டு மணி அடிக்கப்போகிறபோதுதான் இங்கே சூரியன் உதிக்கும். அதுவும் மேகத்துக்குள். இந்த வருஷம் குக்கரைத் தொடவில்லை. வெங்கலப்பானை இல்லாததால் எவர்சில்வர் பாத்திரம், எலெக்ட்ரிக் அடுப்பு. பால் பொங்கி வழிந்து கம்பிச்சுருளில் கருகி, புகை அலாரம் அலற, அவர் டை கட்டியபடி துண்டால் விசிறினார். பொங்கலோ பொங்கல்.

ஒன்பது மணிக்கு அக்காவிடமிருந்து மெசேஜ்: "பால் பொங்கினதோ?"

ஊரில் அன்றைக்கு எதிர்ப்படுகிற எல்லோரும் கேட்கிற கேள்வி. போன வருஷம் அம்மாவைத் தவிர யாரும் கேட்கவில்லை. "பொங்கிச்சு அக்கா" என்று அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்பைத் துடைக்காமலே நின்றேன்.

ஜனவரி 18, சனி

தரையில் கோலம் போடக்கூடாது என்று உத்தரவு. பழுப்புத் தாளை ஒட்டி அதன்மேல் போட்டோம். ஹாட் பிளேட்டில் பானை. ஜன்னலுக்கு வெளியே பார்க்கிங், அந்தப் பக்கம்தான் கிழக்கு. அக்கா மூன்று முறை அரிசி அள்ளிப் போட்டார். பஞ்சாபி ஆன்ட்டியும் அள்ளிப் போட்டார். பால் பொங்கி எந்தப் பக்கம் வழியும் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது என் முதுகில் ஒரு தட்டு.

"சும்மா நிக்காமல் அந்தக் கேத்திலை எடுத்துக்கொண்டு வாரும்."

வாரும்! இரண்டு வாரமாக 'நீங்கள்' போட்டவர். எங்கள் பக்கம் ஆம்பிளைகள் டீக்கடையில் 'வாரும் வேய்' என்பார்கள். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு கெட்டிலைக் கொடுத்தேன். ஒன்பதாம் மாடிப் பெண் கவனித்திருக்க வேண்டும். காதருகில் வந்து, "அக்கா 'நீர்' எண்டு கதைக்கிறது சொந்தக்காரரோட மட்டும்தான். எனக்கே மூண்டு வருசம் எடுத்தது" என்றாள். குரலில் கொஞ்சம் பொறாமை.

பதினோராம் மாடிப் பெண் வரவில்லை, பகல் ஷிப்ட். அவளுக்கு ஒரு டப்பா எடுத்து வைத்தோம். பங்களாதேஷ்காரர் கொண்டுவந்த பிட்டா முதலில் தீர்ந்தது.

நாலு மணிக்குள் ரூமைக் காலி செய்ய வேண்டும். பானை அடிப்பிடித்திருந்தது. ஆன்ட்டியும் நானும் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்கா மிச்சச் சாமான்களைக் கட்டினார். என் பாசிப்பருப்புப் பாக்கெட் பிரிக்காமலே கிடந்தது. என் பைக்குள் அதைத் திணித்தார்.

"அடுத்த வருசமும் உந்தப் பருப்பைக் காவிக்கொண்டு வராதையும்."