ஊறவைத்த ஃபால்ஸ்

மாடி வீட்டு அக்கா இன்று காலை வாளியில் எதையோ ஊறவைத்திருந்தார். எட்டிப் பார்த்தேன். நீலம், அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று ஏழெட்டு ஃபால்ஸ் துணிகள், சேலையின் அடி ஓரத்தில் உள்பக்கமாக வைத்துத் தைக்கும் பட்டைகள்.

"நனைத்துக் காயவைத்துத்தான் தைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கி, சேலை ஓரத்தையும் சேர்த்து இழுத்துவிடும்."

என் பருத்திச் சேலைக்குக் கொசுவம் ஏன் அடியில் சுருண்டே நிற்கிறது என்று இப்போதுதான் புரிந்தது!

ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பதுதான் அக்காவின் தொழில். முதலீடு என்று பார்த்தால் ஊசி, சேலை நிறத்துக்கேற்ற நூல்கண்டுகள், வெளிச்சம் விழும் ஒரு ஜன்னல். மெஷின்கூட இல்லை. வெளியே தெரியாத பொடித் தையல், எல்லாம் கையால். நாம் மதியம் கண்ணயரும் நேரத்தில் இரண்டு சேலை முடித்துவிடுகிறார்.

"தெருமுனையில் தையல் கடை இருக்கிறதே அக்கா, உங்களிடம் யார் வருகிறார்கள்?"

"அந்தக் கடையில் கொடுப்பதெல்லாம் இங்கேதான் வருகிறது" என்று சிரித்தபடி மஞ்சள் துணியைப் பிழிந்தார்.