அசையாத வீடு, அசையும் சொத்து

போன வாரம்தான் எங்கள் வீட்டு விற்பனை முடிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு வந்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. அதில் பாதி என் மேலேயே.

டெக்சாஸில் ஒரு ஏக்கர் நிலம். அதன் மேல் 1998இல் ஃபேக்டரியிலிருந்து இரண்டு துண்டாக வந்து இறங்கிய டபுள்வைடு வீடு. கிணறு, செப்டிக் டேங்க், நானே அடித்த மரத் திண்ணை எல்லாம் உண்டு. முதலில் ஒருவர் ரொக்கமாக வாங்க வந்தார். எந்த வருஷம், எந்தக் கம்பெனி, எத்தனை அடி என்று மூன்றே கேள்வி. பழைய காருக்குப் பார்ப்பது போல விலைக் கையேட்டைப் பார்த்து ஒரு தொகை சொன்னார். திண்ணை கணக்கிலேயே இல்லை. மனதுக்குள் திட்டிக்கொண்டே அனுப்பிவைத்தேன்.

அடுத்து வந்தவர்கள் எஃப்ஹெச்ஏ கடனில், அதாவது மத்திய அரசு உத்தரவாதம் தரும் வீட்டுக் கடனில், வாங்குகிற ஒரு குடும்பம். விலை படிந்தது. இரண்டு வாரம் கழித்து, சொத்தின் உரிமைப் பதிவுகளைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியிலிருந்து போன்: நிலம் சரி, வீடு இன்னும் பெர்சனல் பிராப்பர்ட்டியாக, அதாவது கார் மாதிரி அசையும் சொத்தாகத்தான் இருக்கிறது, இப்படியிருந்தால் அந்தக் கடன் கிடைக்காது.

எப்படி? வாங்கியபோது மாநிலத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் ரியல் பிராப்பர்ட்டி (அசையாச் சொத்து) கட்டத்தில் டிக் அடித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு உரிமையாளர் யார் என்று மாநிலம் தரும் ஸ்டேட்மெண்ட் ஆஃப் ஓனர்ஷிப்பும் தபாலில் வந்தது. பத்திரமாக ஃபைலில் போட்டு வைத்தேன். அங்கேதான் தப்பு. அதன் சர்டிஃபைடு காப்பியை 60 நாளுக்குள் கவுண்டி கிளர்க்கிடம் கொடுத்து நிலப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றியதை மாநிலத் துறைக்கும் வரி அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அதுவரை டிக் வெறும் டிக்தான். முதலில் வந்தவர் காருக்குச் சொல்வது மாதிரி விலை சொன்னாரே, காகிதப்படி அவர் கேட்டதில் குற்றமே இல்லை!

வருஷா வருஷம் நிலத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வரி பில் இரண்டாக வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உங்களுக்கும் இரண்டு வருகிறதா? இன்றைக்கே ஃபைலைத் திறந்து பாருங்கள்.

40 மைல் வண்டி ஓட்டி கவுண்டி அலுவலகம் போனேன். ஜன்னலில் இருந்த அம்மா காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சர்டிஃபைடு காப்பி இல்லாமல் முடியாது என்று தள்ளிவிட்டார். போவதற்கு முன் ஒரு போன் செய்திருக்கலாம், செய்யவில்லை. அப்புறம் வரி பாக்கி இல்லை என்ற சான்றோடு மாநிலத்தில் புதிதாக விண்ணப்பித்துக் காத்திருந்தேன். விற்பனையை முடிக்கும் க்ளோஸிங் தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. காகிதம் கைக்கு வந்த அன்றே மறுபடியும் 40 மைல். இந்த முறை பத்து நிமிட வேலை.

அதற்குள் வீட்டை மதிப்பிடும் அப்ரைசர் வந்தார். வீட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் வெளியே ஒரு சிவப்பு உலோகத் தகடு இருக்க வேண்டும். ஹட் எனும் மத்திய வீட்டு வசதித் துறையின் தரச் சான்று அது, பெயர் ஹட் லேபிள். எங்களுடையதில் ஒன்றுதான் இருந்தது. பழைய ஓனர் வெளிச்சுவருக்குப் புது சைடிங் பலகை போட்டபோது இன்னொன்று போயிருக்கிறது. சரி, உள்ளே ஒட்டியிருக்கும் டேட்டா பிளேட்டை, வீட்டின் தயாரிப்பு விவரத் தாளை, காட்டுங்கள் என்றார். அது சமையலறை கேபினட் கதவுக்குள் இருந்த காகிதம். மூன்று வருஷம் முன் கேபினட்டை மாற்றியபோது கதவோடு குப்பைக்குப் போய்விட்டது. கேபினட் மாற்றப் போகிறவர்கள் முதலில் அதைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

தொலைந்த லேபிளை ஹட் திரும்பத் தராது. ஐபிடிஎஸ் என்ற நிறுவனம், சீரியல் நம்பர் கொடுத்தால் பதிவைத் தேடி லேபிள் எண்ணைக் கடிதமாகத் தரும். நம்பர் இரும்புச் சட்டத்தின் முன் குறுக்குக் கம்பியில் குத்தியிருக்கும். வீட்டின் அடிப்பக்கத்தைச் சுற்றி மூடியிருக்கும் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிவிட்டு டார்ச்சும் கம்பி பிரஷுமாக வீட்டுக்கு அடியில் ஊர்ந்தேன். சிலந்தி வலையும் துருவும் மூஞ்சியெல்லாம். ஒவ்வொரு எண்ணாகத் தெரியத் தெரிய நான் போட்ட கூச்சலில் மனைவி பயந்து ஓடி வந்தாள். கடிதம் சிக்கலில்லாமல் வந்தது. அஸ்திவாரத்துக்கு எஞ்சினியர் சான்றும் ஒரே நாளில் ஆனது.

பிறகு மதிப்பீடு, ஃபேக்டரி வீடுகளுக்கென்றே உள்ள 1004சி படிவத்தில் நடந்தது. அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகளோடு ஒப்பிட்டார்கள், அதில் குறைந்தது இரண்டாவது எங்களுடையதைப் போல ஃபேக்டரி வீடாக இருக்க வேண்டுமாம். நிலம், கிணறு எல்லாம் சேர்ந்தே வந்தது. வாங்குகிறவர்கள் அறிக்கையைக் காட்டினார்கள். திண்ணைக்குத் தனியாக ஒரு வரி இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.