டியூக் தோற்றது கடைசி ஷாட்டில் இல்லை

டியூக் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் நட்சத்திரம் கூப்பர் ஃபிளாக் கடைசி ஷாட்டைத் தவறவிட்டதால்தான் டியூக் தோற்றது என்று என் தம்பி மகன் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். 2025 ஏப்ரலில் நடந்த ஆட்டம். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன் முறுக்கைக் கடித்துக்கொண்டே அதே பேச்சை எடுத்தான். “அந்த ஒரு ஷாட் விழுந்திருந்தா முடிஞ்சது பெரியப்பா.” இல்லைடா, ஆட்டம் அதற்கு முன்னாலேயே கைவிட்டுப் போய்விட்டது என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு வாட்ஸ்அப்பில் எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் வருடா வருடம் நடக்கும் பெரிய போட்டி, அந்த வருடம் 68 அணிகள். ஒரு தோல்வி என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதன் அரையிறுதி, டெக்சஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோவில், டியூக்கும் ஹூஸ்டனும். அங்கே சனிக்கிழமை இரவு, நமக்கு ஞாயிறு காலை. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் அந்த நேரத்துக்குப் பாதிப் பேர் பசாரில் இருப்பார்கள், மீதிப் பேர் ரொட்டி சானாய் கடையில். நான் வீட்டில் டிவி முன்னால் இருந்தேன்.

டியூக் அந்த வருடம் சாதாரண அணி இல்லை. அரையிறுதிக்கு வரும்போது 35 வெற்றி, 3 தோல்வி. தொடக்க ஐவரும் ஆறரை அடிக்குக் குறையாதவர்கள்: ஃபிளாக், கான் கனிப்பல், டைரீஸ் ப்ராக்டர், சியான் ஜேம்ஸ், இவர்களுக்கு மேல் தலை தெரிய 7 அடி 2 அங்குலத்தில் தெற்கு சூடான் பையன் கமான் மலுவாச். அந்த ஐந்து பேரையுமே ஜூனில் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் தேர்ந்தெடுத்தன. ஃபிளாக் முதல் ஆள், கனிப்பல் நான்காவது, மலுவாச் பத்தாவது. எதிரில் நின்ற ஹூஸ்டனில் ஏழடி ஆள் கிடையாது. அவர்களுடைய பெரிய தூண்கள் எல்.ஜே. க்ரையர், ஜுவான் ராபர்ட்ஸ் இருவரையும் அந்த ஜூனில் எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை.

அந்த அணிதான் 70–67 என்று வென்றது.

எப்படி வென்றது என்பதில்தான் எனக்கும் தம்பி மகனுக்கும் சண்டை. பாதி நேரத்தில் டியூக் 34–28. ஆட்டம் முடிய எட்டு நிமிடம் சொச்சம் இருக்கும்போது 59–45, பதினான்கு புள்ளி முன்னிலை. அதற்கப்புறம் டியூக் எடுத்தது 8, ஹூஸ்டன் எடுத்தது 25. கடைசிப் பத்தரை நிமிடத்தில் டியூக் களத்திலிருந்து போட்ட கூடை ஒன்றே ஒன்றுதான். ஃபிளாக்கின் மூன்று புள்ளி ஷாட். மற்றதெல்லாம் ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரில்லாமல் எறியக் கிடைப்பது.

அந்தக் கடைசி முப்பத்தைந்து வினாடி எல்லாருக்கும் மனப்பாடம். 67–61 என்று இருக்கிறது. ஹூஸ்டனின் ஷார்ப் மூன்று புள்ளி போடுகிறார். டியூக் பந்தை உள்ளே எறியும்போதே அது பறிபோகிறது. ஹூஸ்டனின் வில்சன் எறிந்தது விழவில்லை, அவர்களுடைய டக்லர் எம்பி அதை அப்படியே உள்ளே அமுக்குகிறார். 67–66. ப்ராக்டருக்கு ஒன்-அண்ட்-ஒன் கிடைக்கிறது, அதாவது முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது. முதலாவதே விழவில்லை. திரும்பி வந்த பந்துக்காக ராபர்ட்ஸ் முதுகின் மேல் ஃபிளாக் ஏறியதாக ஃபவுல். ராபர்ட்ஸ் இரண்டையும் போட்டார். அடுத்து ஃபிளாக் அதே ராபர்ட்ஸின் தலைக்கு மேல் எறிந்தது குட்டையாகப் போனது. கடைசியில் க்ரையர் இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்பது புள்ளி, பதிலுக்கு டியூக் ஒன்றுமே போடவில்லை.

ரசிகர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நான் பார்ப்பது ஆட்டத்தின் புள்ளித்தாளில் இருக்கும் வேறொரு வரி. மலுவாச்: 21 நிமிடம், பிடித்த ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்து) 0, பிளஸ்-மைனஸ் கழித்தல் 20.

அதாவது அந்தப் பையன் களத்தில் இருந்த 21 நிமிடத்தில் ஹூஸ்டன் 20 புள்ளி கூடுதலாக எடுத்திருக்கிறது. மொத்தத் தோல்வி வெறும் 3 புள்ளி. அப்படியானால் அவர் வெளியே உட்கார்ந்திருந்த 19 நிமிடத்தில் டியூக் 17 புள்ளி முன்னால் இருந்திருக்கிறது. ஒரே ஆட்டத்துக்குள் இரண்டு ஆட்டம் நடந்திருக்கிறது. ஏழடி இரண்டு அங்குலப் பையனுக்கு 21 நிமிடத்தில் ஒரு ரீபவுண்ட்கூடக் கிடைக்காமல் போவது எப்படி என்று கேட்டால் ஆட்டத்தின் கதையே அதில்தான் இருக்கிறது.

பையன் சோம்பேறி இல்லை. டியூக் அந்த வருடம் முழுக்க ஆடிய தடுப்பாட்டம் ஸ்விட்ச். எதிரணி ஒரு ஆளை வைத்து மறித்தால், துரத்திக்கொண்டு ஓடாமல், நம் இரண்டு பேரும் ஆளை மாற்றிக்கொள்வது. எல்லாரும் உயரமாக இருந்தால் இது அருமையான முறை, யார் யாரைக் காத்தாலும் ஓட்டை தெரியாது. அதே வேலையை வைத்துத்தான் ஹூஸ்டன் மலுவாச்சை வெளியே இழுத்தது. அவருடைய ஆளை வைத்து மறிப்பு, உடனே ஸ்விட்ச். இப்போது மலுவாச் மூன்று புள்ளிக் கோட்டருகில் க்ரையரைப் போன்ற வேகமான சின்ன ஆளின் எதிரில் நிற்கிறார். பந்து கூடையை நோக்கிப் போகும்போது அணியின் மிக உயரமான ஆள் கூடையிலிருந்து மிகத் தூரத்தில். கீழே ராபர்ட்ஸையும் டக்லரையும் முட்டிக்கொண்டு நிற்பது டியூக்கின் கார்டுகள், அதாவது வெளியே பந்தை நடத்தும் சின்ன ஆட்கள். ஹூஸ்டன் அன்றைக்குத் தாங்கள் தவறவிட்ட பந்தில் 18-ஐத் தாங்களே திரும்பப் பிடித்தார்கள். க்ரையர் வேறு 26 புள்ளி. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்றுதான் நான் நினைக்கிறேன்.

“அப்போ அவனை ஆரம்பத்திலேயே உட்கார வச்சிருக்கணும்னு சொல்றீங்களா?” என்று தம்பி மகன் மடக்கினான். அப்படிச் சொல்லவில்லை. பிளஸ்-மைனஸ் ஒரு ஆளின் கணக்கு இல்லை, அவரோடு நின்ற நால்வரும் எதிரில் நின்ற ஐவரும் சேர்ந்த கணக்கு. மலுவாச் களத்தில் இருக்க வேண்டுமென்றால் அவர் கூடைக்குக் கீழே இருக்கும்படி தடுப்பாட்டத்தை மாற்றியிருக்க வேண்டும். ஸ்விட்ச்தான் ஆடுவோம் என்றால் அவரை வெளியே வைத்துவிட்டு, ஃபிளாக்கை நடு ஆளாகப் போட்டு, பக்கத்தில் டியூக்கிலேயே இருந்த மேசன் கில்லிஸைப் போன்ற உடம்புள்ள ஆளை நிறுத்தியிருக்க வேண்டும். கில்லிஸ் அதற்கு முந்தைய வருடம் பர்டூ அணியோடு இறுதி ஆட்டம் வரை போனவர், இப்படி முட்டி மோதும் ஆட்டம் அவருக்குப் புதிதில்லை. ஏதாவது ஒன்றை முடிவு செய்திருக்க வேண்டும். உயரமான ஆளும் வேண்டும், ஸ்விட்சும் வேண்டும் என்று இரண்டையும் பிடித்துக்கொண்டதில்தான் அந்த 20 புள்ளி போனது.

பயிற்சியாளர் ஜான் ஷையர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆட்களை மாற்றி மாற்றி இறக்கும் அதே முறையில் 35 ஆட்டத்தை ஜெயித்த மனிதர். தங்கள் ஏசிசி லீக்கில் 20-க்கு 19 வெற்றி, அதிலும் பெரும்பாலானவை பெரிய வித்தியாசத்தில். அதில்தான் சிக்கல் என்று எனக்குப் படுகிறது. இருபது புள்ளி முன்னால் இருக்கும் அணிக்குக் கடைசி ஐந்து நிமிடத்தில் யார் யார் நிற்க வேண்டும் என்ற கேள்வியே வராது. அந்தக் கேள்வி முதல்முறையாகப் பெரிய மேடையில் வந்தபோது பதில் கையில் இல்லை. அதனால் பந்து ஃபிளாக்கிடம் போனது. மறுபடியும் ஃபிளாக்கிடம் போனது. 67-இல் 27 அவர் போட்டது, 16 கனிப்பல் போட்டது. மீதி எல்லாரும் சேர்ந்து 24. ஹூஸ்டன் பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்சனுக்கு இது நன்றாகத் தெரியும். ராபர்ட்ஸ் அந்தக் கல்லூரிக்கு 2019-இல் வந்தபோது ஃபிளாக்குக்கு வயது 12. க்ரையர் 2021-இலேயே பெய்லர் அணியோடு கோப்பையைத் தொட்டவர். முடிக்கும் நேரத்தில் யார் எங்கே நிற்பது என்பது அவர்களுக்குக் கேட்காமலே தெரியும்.

நான் செம்பனை ஆலையில் ஷிஃப்ட் பட்டியல் போடுகிறவன். நல்ல ஃபிட்டர்கள் எல்லாரையும் ஒரே ஷிஃப்டில் போட்டால் அந்த எட்டு மணி நேரம் ஆலை பாட்டுக்கு ஓடும், அடுத்த ஷிஃப்டில் பிரஸ் நின்றால் தொட ஆள் இருக்காது. யார் யாரோடு சேர்ந்தால் வேலை நடக்கும் என்பது ஆளின் சான்றிதழைப் பார்த்தால் தெரியாது, சேர்த்து வேலை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். கூடைப்பந்தில் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு காரணம் இதுதான்.

இன்னொரு காரணம் எங்கள் பிள்ளைகள். இந்தப் பக்கத்தில் தமிழ்ப் பிள்ளைகள் என்றால் பந்தைக் காலால் உதைப்பவர்கள் என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. கூடைப்பந்து சீனப் பள்ளிகளின் ஆட்டம். நானும் இடைநிலைப் பள்ளியில் சீன நண்பர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டதுதான். இப்போது டேவானுக்கு (ஊர் மண்டபம்) பக்கத்தில் இருக்கும் சிமெண்டுக் களத்தில் சாயந்திரம் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வேன் வந்தால் எட்டுப் பேர், வராவிட்டால் ஆறு பேர்.

எட்டுப் பேர் என்பது நல்ல கணக்கு. நாங்கள் ஆடுவது பத்து நிமிடமாக நான்கு கால் பகுதி, டியூக் ஆடிய அந்த ஆட்டத்தில் இருபது இருபதாக இரண்டு பாதி. எப்படியும் 40 நிமிடம், ஐந்து இடம், ஆக 200 நிமிடம். எட்டுப் பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 25. யாருக்காவது 32 கொடுத்தால் யாரிடமிருந்தோ 7 எடுக்கிறோம் என்று அர்த்தம். நோட்டுப் புத்தகத்தில் யார் எப்போது உள்ளே போனாள், எப்போது வெளியே வந்தாள், அப்போது புள்ளி என்ன என்று எழுதிவைக்கிறேன். முதலில் சிரித்த பிள்ளைகள் இப்போது ஆட்டம் முடிந்ததும் ஓடிவந்து “அங்கிள், எனக்கு எத்தனை?” என்று கேட்கிறார்கள்.

அந்தக் கணக்கில் ஒரு விஷயம் தெரிந்தது. எங்கள் அணியிலும் ஒரு உயரமான பிள்ளை உண்டு, படிவம் மூன்று. பால்மரம் வெட்டிய குடும்பம், பாட்டி காலத்திலிருந்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) இருந்தவர்கள். நல்ல பிள்ளை, பந்து கையில் ஒட்டிக்கொள்ளும். அவள் வெளியே இருக்கும்போதும் நாங்கள் மோசமாக ஆடுவதில்லை. காரணம், அவள் இல்லாதபோது மற்ற நான்கு பேரும் ரீபவுண்டுக்கு ஓடுகிறார்கள். அவள் இருந்தால் “அக்கா பிடிச்சுக்குவாங்க” என்று நின்றுவிடுகிறார்கள். அக்காவைக் கோட்டுக்கு வெளியே இழுத்துவிட்டால் பிடிக்க யாருமில்லை. டியூக்கின் ஆட்டத்தில் நான் பார்த்ததும் கிட்டத்தட்ட இதுதான். 18 முறை பந்து ஹூஸ்டன் கைக்கே போனது என்றால் அது ஒரு பையனின் குற்றமாக இருக்கவே முடியாது.

இணையத்தில் மலுவாச்சைத் திட்டியவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருந்தது. பதினெட்டு வயதுப் பையன். அவர் வாங்கிய கழித்தல் 20 அவரை எங்கே நிற்க வைத்தார்கள் என்பதற்கான மதிப்பெண். ஃபிளாக்கின் கடைசி ஷாட்டும் அப்படித்தான். பத்து நிமிடமாக அவர் ஒருவரை நம்பியே ஓடிய அணி, கடைசியிலும் அவரிடமே கொடுத்தது. களைத்த கால், எதிரில் ராபர்ட்ஸ். அந்த ஷாட் குட்டையாகப் போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஹூஸ்டனும் கோப்பையைத் தூக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் செவ்வாய்க்கிழமை காலையில் இறுதி ஆட்டத்தில் ஃபுளோரிடாவிடம் 12 புள்ளி முன்னால் இருந்து 63–65 என்று விட்டுவிட்டார்கள். கடைசி முறை பந்து கையில் இருந்தும் ஒரு ஷாட்கூட எறிய முடியவில்லை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், அது வேறு மாதிரி தோல்வி.

தம்பி மகனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். அந்த ஆட்டத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, மலுவாச் உள்ளே போகும் வரும் நேரத்தையெல்லாம் எழுதி, ஒவ்வொரு முறையும் அவரோடு நின்ற நான்கு பேர் யார் என்றும் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன். “சரி பெரியப்பா, செஞ்சுட்டு வரேன். ஆனா ஷாட் விழுந்திருந்தா ஜெயிச்சிருப்போம்” என்றான். சனிக்கிழமை எங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஒரு நட்பாட்டம் இருக்கிறது. அந்த உயரமான பிள்ளையை இரண்டாவது கால் பகுதியில் உள்ளே விட்டு, ஸ்விட்ச் இல்லாமல் கூடைக்குக் கீழேயே நிறுத்தப்போகிறேன். நோட்டைத் தூக்கிக்கொண்டு அவனையும் வரச்சொல்லியிருக்கிறேன்.