சினக்காரா பள்ளத்தாக்கில் பனிமலைச் சாமி தரிசனம்

பெருவில் குஸ்கோ நகரத்துக்குக் கிழக்கே, அவுசங்காட்டே மலைக்கு அருகே சினக்காரா என்று ஒரு பள்ளத்தாக்கு. கம்பளிக்காக வளர்க்கும் அல்பாக்கா மந்தைகளை மேய்ப்பவர்களைத் தவிர அங்கே அதிகம் ஆள் நடமாட்டம் கிடையாது. ஆனால் ஈஸ்டர் முடிந்து 58 நாள் ஆனதும் 90,000 பேர் வரை வந்து கூடிவிடுகிறார்கள், மேளம், புல்லாங்குழல், அக்கார்டியன், ஊர்ச் சிலுவை, கைக்குழந்தை எல்லாவற்றோடும். கொய்லுர் ரித்தி திருவிழா. பல வருஷமாகப் போக வேண்டும் என்று மனதில் இருந்தது, போய் வந்தேன்.

குஸ்கோவிலிருந்து பஸ்ஸில் மாவாயானி கிராமம் வரை போய், அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் போல ஏற்றம். கோயில் இருப்பது 4,600 மீட்டருக்கும் மேலே. மூச்சு பத்தடிக்கு ஒருமுறை நின்றுவிடுகிறது. வழியில் இடைவெளி விட்டுச் சிலுவைகள் நட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றின் அடியிலும் கல் வைத்துக் கும்பிட்டுவிட்டு மேலே போக வேண்டும், பாவச்சுமையை அங்கேயே இறக்கி வைப்பதாக நம்பிக்கை. களைத்து உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு பாட்டி கோக்கா இலை நீட்டினார். உடனே வாயில் போடவிடவில்லை, நல்ல இலையாக மூன்றைச் சேர்த்து விரலில் பிடித்து, மலையைப் பார்த்து ஊதி, முதலில் மலைச்சாமிக்கும் பாச்சமாமாவுக்கும் கொடுக்கச் சொன்னார். பாச்சமாமா என்றால் பூமித்தாய். மலைகளை அவர்கள் அப்பு என்று அழைக்கிறார்கள், ஒவ்வொரு பெரிய மலையும் ஒரு காவல் தெய்வம்.

கோயிலுக்குள் ஒரு பாறை, அதில் சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவின் உருவம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடந்ததாகக் கதை சொல்கிறார்கள். அண்ணன் கொடுமை தாங்காமல் மலைமேல் தவித்த மரியானோ என்ற இடையச் சிறுவனுக்கு மனுவேல் என்று ஒரு பையன் துணைக்கு வருகிறான், சாப்பாடு தருகிறான், சேர்ந்து விளையாடுகிறான், மந்தையும் பெருகுகிறது. சந்தேகப்பட்டு அவனைப் பிடிக்கப் பெரியவர்கள் வந்தபோது கண்ணைக் கூசும் ஒளி, பையனைக் காணோம், அந்த இடத்தில் சிலுவைக் காட்சி. மரியானோ அங்கேயே உயிர்விட்டான். அவனைப் புதைத்தது இந்தப் பாறைக்கடியில்தான் என்கிறார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்தப் பாறைக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்கள் தேம்பி அழுவதைப் பார்த்தபோது எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

வெளியே மலைச்சரிவில் இன்னொரு வழிபாடு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வீடு வேண்டும் என்றால் கூழாங்கல்லால் குட்டி வீடு கட்டுகிறார்கள், வண்டி வேண்டும் என்றால் பொம்மை லாரி வாங்குகிறார்கள், பொம்மைப் பணத்தை எண்ணிக் கொடுத்துப் பத்திரம் எழுதிக்கொள்கிறார்கள், பட்டப்படிப்புச் சான்றிதழ்கூடக் கிடைக்கிறது. நானும் என் மகள் பெயரைச் சொல்லி ஒரு வீடு கட்டினேன். ஒரு அம்மா வந்து பார்த்துவிட்டு, ஆட்டுக்குப் பட்டி எங்கே என்று கேட்டு, அவரே நாலு கல் வைத்துக் கொடுத்தார்.

அப்புறம் உக்கூக்குகள். கரடியும் மனிதரும் கலந்த உருவமாக வேடம் போட்டவர்கள், நூல் தொங்கும் கறுப்பு அங்கி, கம்பளி முகமூடி, கையில் சாட்டை, கீச்சுக்குரலில் பேச்சு. எட்டு வட்டாரக் குழுக்கள் வருகின்றன, அவற்றுக்கு நேஷன் என்றே பெயர், அத்தனை கூட்டத்தையும் ஒழுங்குபடுத்துவது இவர்கள்தான். மது அறவே கூடாது, கொண்டுவந்தால் பிடுங்கிவிடுவார்கள். இரவில் இவர்கள் கோல்கேபுங்கு பனியாற்றுக்கு ஏறிப் போய், விடியும்போது சிலுவையோடு வரிசையாக இறங்கி வருகிறார்கள்.

முன்பெல்லாம் முதுகில் பனிக்கட்டி சுமந்து வருவார்களாம். அது உருகின தண்ணீர்தான் தீர்த்தம், மருந்து, வயலுக்கும் மந்தைக்கும் ஆசி. இப்போது அதை நிறுத்திவிட்டார்கள். பனி வருஷத்துக்கு வருஷம் மேலே பின்வாங்கிப் போவதைக் கண்ணால் பார்த்தவர்கள், இனி எடுக்கக் கூடாது என்று தாங்களாகவே முடிவு செய்தார்கள். இத்தனைக்கும் அது உருகக் காரணம் இவர்கள் முதுகில் சுமந்த கட்டிகள் இல்லை, உலகமே எரிக்கும் எரிபொருள். அப்படியிருந்தும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தார்கள். பிரசாதத்தையே துறக்கிற பக்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வெறும் முதுகோடு அவர்கள் இறங்கி வந்ததைப் பார்த்து நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இந்தத் திருவிழாவுக்கு வானத்திலும் ஒரு கணக்கு உண்டு. நாம் கார்த்திகை என்று சொல்லும் அதே நட்சத்திரக் கூட்டம் சில வாரம் கண்ணில் படாமல் மறைந்து, மறுபடி விடியற்காலையில் தெரிய ஆரம்பிக்கும் காலம் இது. ஜூன் கடைசியில் அது எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதைப் பார்த்துத்தான் ஆண்டிஸ் மலை விவசாயிகள் பலர் உருளைக்கிழங்கு எப்போது நடுவது என்று முடிவு செய்கிறார்கள்.

போக நினைப்பவர்கள் முதலில் குஸ்கோவில் சில நாள் தங்கி உடம்பைப் பழக்குங்கள், அதுவே 3,400 மீட்டர் உயரம். இரவில் தண்ணீர் உறையும் குளிர், நல்ல கம்பளி வேண்டும். உக்கூக்குகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். 2011-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து வெளியாட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், சரி, வரட்டும், ஆனால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்போல் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும். முடிந்தால் அந்த வார வியாழக்கிழமை குஸ்கோவிலேயே இருங்கள், கார்பஸ் கிறிஸ்டி என்ற கத்தோலிக்கத் திருநாளுக்கு 15 திருவுருவங்களைத் தோளில் சுமந்து கதீட்ரலுக்கு முன்னால் உள்ள சதுக்கத்தைச் சுற்றி வருவார்கள்.