மழை விட்ட பிறகும்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு சின்னப் பெட்டி நிற்கிறது. உள்ளே 28 கிகாஹேர்ட்ஸ் பேட்ச் அன்டெனா, அதாவது தட்டையான செப்புத் துண்டுகளால் ஆன ரேடியோ அன்டெனா. ஒவ்வொரு செப்புத் துண்டும் மூன்றரை மில்லிமீற்றர்தான். வெட்டும்போது பத்தில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் அலைவரிசை 700, 800 மெகாஹேர்ட்ஸ் தள்ளிப் போய்விடும். இதன் ஜோடி ஹவ்லொக் வீதிப் பக்கம், தோழி வீட்டு மாடியில். இடையில் 800 மீற்றர். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும் ரேடியோ சமிக்ஞை மழையில் எவ்வளவு குறைகிறது என்று ஆய்வு அனுமதி எடுத்து ஒரு வருடமாக அளக்கிறேன்.

28 கிகாஹேர்ட்ஸில் அலைநீளம் 10.7 மில்லிமீற்றர். பெரிய மழைத்துளி அதில் பாதி அளவுக்கு வரும். அதனால்தான் மழை இந்த அலையை இவ்வளவு உறிஞ்சிச் சிதறடிக்கிறது. விழும்போது துளி தட்டையாவதால் செங்குத்து முனைவாக்கத்தில், அதாவது அலை மேலும் கீழுமாக அதிரும்போது, இழப்புக் கொஞ்சம் குறைவு. நானும் அதையே வைத்தேன். மணிக்கு 100 மில்லிமீற்றர் வீதத்தில் மழை கொட்டினால் இழப்பு கிலோமீற்றருக்குச் சுமார் 14 டெசிபல் (சமிக்ஞை குறைவதை அளக்கும் அலகு) என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐ.டி.யு.) சூத்திரம். எங்கள் தூரத்துக்கு 11.

ஒக்டோபரில் ஒரு பின்னேரம் அதே வேகத்தில் கொட்டியது. சமிக்ஞை 15 டெசிபல் விழுந்தது! கொழும்பு மழைக்குச் சூத்திரம் பொருந்தவில்லை என்று நம்பி, அன்றே கட்டுரைக்கு ஒரு பத்தியும் எழுதிவிட்டேன்.

மழை விட்டது. மழைமானி சைபர். ஆனால் 4 டெசிபல் திரும்பி வரவில்லை. அரை மணி நேரம் அப்படியே. அப்புறம் திடீரென்று மடிக்கணினியில் சமிக்ஞைக் கோடு 2 டெசிபல் மேலே ஏறியது. மாடிக்கு ஓடினேன். கொடியில் துணி போட வந்த அம்மா, கையில் துவாயோடு நிற்கிறார்.

"அம்மா, பெட்டியை என்ன செய்தீங்க?"

"தண்ணி வடிஞ்சுகொண்டு இருந்துச்சு பிள்ள, துடைச்சுவிட்டேன்."

உடனே தோழிக்குப் போன் பண்ணி அவளையும் துடைக்கச் சொன்னேன். மிச்ச 2 டெசிபலும் வந்தது.

பிழை சூத்திரத்தில் இல்லை. பெட்டியின் பிளாஸ்டிக் மூடியில் ஒட்டிய நீர்ப்படலம்தான் அந்த 4 டெசிபல். கடற்காற்றில் உப்பும் தூசும் படிந்த மூடியில் தண்ணீர் முத்தாக உருளாமல் பரவி நிற்கிறது. நனைந்த அன்டெனா பற்றி முன்பே படித்திருக்கிறேன், ஆனால் இவ்வளவு தின்னும் என்று நினைக்கவில்லை. காலி வீதி நெடுக இப்படிப் பெட்டிகள் வைப்பவர்கள் மழைக்கு மட்டும் கணக்குப் போட்டால் போதாது.

அந்தப் பத்தியை அழித்துவிட்டேன். இப்போது ஒரு மூடிக்கு மெழுகு பூசியாயிற்று, மற்றதை அப்படியே விட்டிருக்கிறேன். மேற்கே வானம் கறுக்கிறது, மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கிறேன்.