லயத்துக் குளிரும் ஒரு சின்னப் பாதமும்

டிசம்பர் 3, 2024

மூணாறில் பனி விலகுமுன்பே, கிராமச் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவோடு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்துக்கு ஏறிவிட்டேன். 33 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை. பிறந்த எடை 1,610 கிராம். வீட்டுக்கு வந்து நான்கு நாள். இன்று தராசில் 1,860.

வயிறு வெதுவெதுப்பாக இருந்தது. பாதம் சில்லிட்டிருந்தது. குறைமாதப் பிள்ளைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. குளிர் பட்டால் குடித்த பாலெல்லாம் உடம்பைச் சூடாக்கவே போய்விடும், எடை ஏறாது. எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பாதத்தைத் தொடுவது இதனால்தான்.

கங்காரு பராமரிப்பு தெரியுமா என்று கேட்டேன். குழந்தையின் அம்மா உடனே தொப்பியும் சாக்ஸும் நாப்கினும் மட்டும் போட்ட குழந்தையை மார்புக்கு நடுவே, தோலோடு தோலாக வைத்து, துணியால் கட்டிக் காட்டினாள். ஒரு குறையும் இல்லை. "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்மா?" என்றேன். மாமியார் பக்கம் பார்த்துக்கொண்டே, "மூணு மணி நேரம் இருக்கும், டாக்டரம்மா" என்றாள்.

உலக சுகாதார அமைப்பு சொல்வது 8 முதல் 24 மணி நேரம்.

டிசம்பர் 4

இரவு தூக்கம் வரவில்லை. பயிற்சி டாக்டராக இருந்தபோது பார்த்த ஒரு தாய் நினைவுக்கு வந்துவிட்டாள். குழந்தை இன்குபேட்டரில். அவள் கண்ணாடிக்கு வெளியே, தையல் வலியோடு நின்றுகொண்டிருப்பாள். உள்ளே விட்டால் தொற்று வரும் என்பது அன்றைய விதி. கதவைச் சாத்தியவள் நான். ஆறாம் நாள் குழந்தை இறந்தபின்தான் அவள் அதை முதன்முதலாக மடியில் வாங்கினாள். கங்காரு பராமரிப்பு ஆராய்ச்சிக்கு நான் வந்த வழி அதுதான்.

1978-இல், கொலம்பியாவின் பொகோட்டாவில், ஒரே இன்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட வேண்டியிருந்த நெருக்கடியில்தான் டாக்டர் எட்கர் ரே தாயின் நெஞ்சையே நம்பினார். பிறகும் பல காலம், குழந்தையின் நிலை சீரான பிறகுதான் தாயிடம் கொடுத்தோம். 2021-இல் வெளியான ஆய்வு அதை மாற்றியது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்று ஐந்து நாடுகள். பிறந்த உடனேயே தாயின் நெஞ்சில் வைத்த குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். காத்திருந்து கொடுத்தவர்களில் 15.7. இவ்வளவு வேறுபாடு தெரிந்ததும் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் உடனே கொடுக்கச் சொன்னார்கள். படித்த அன்று அழுதேன்.

டிசம்பர் 6

1,870. மூன்று நாளில் பத்தே கிராம்.

அறிவுரை எதுவும் சொல்லாமல் காலையிலிருந்து மதியம்வரை அந்த வீட்டிலேயே நோட்டோடு உட்கார்ந்தேன். தண்ணீர் பிடிக்க ஒருமுறை குழந்தையை இறக்கிவைத்தாள். மூத்தவனைப் பள்ளிக்கு அனுப்ப இன்னொருமுறை. விறகு, கஞ்சி, துணி. ஐந்து மணி நேரத்தில் ஒன்பது தடவை. இவளுக்குப் புரியவைக்க என்ன இருக்கிறது? கைதான் இல்லை. எங்கள் படிவங்களில் "தாய் ஒத்துழைக்கவில்லை" என்று ஒரு கட்டம் உண்டு. இத்தனை வருடம் அதில் டிக் போட்டதற்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் கணவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் இராத்திரி ஷிப்ட். விடிந்ததும் வருகிறார். அவரைக் கேட்டேன். "ஆம்பள கட்டினா ஆகுமா?" என்றார். ஆகும், நெஞ்சுச் சூடு யாருடையதானாலும் ஒன்றுதான் என்றேன். கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். கட்டிவிட்டோம். சாய்ந்து உட்கார்ந்தவர், மூச்சு விடவே பயந்தார். அப்புறம் இருவருமே தூங்கிப்போனார்கள். மாமியார் மதியத்துக்குமேல் தன் முறை என்று சொல்லிவிட்டார்.

டிசம்பர் 9

மழை. போக முடியவில்லை. பால் பாலாடையில் நன்றாக இறங்குகிறது என்று ஆஷா அக்கா போனில் சொன்னார்.

டிசம்பர் 12

2,040! ஆறு நாளில் 170 கிராம். நெஞ்சோடு இருந்த நேரத்தை மாமியார் காலண்டரில் கரிக்கோடாகப் போட்டு வைத்திருக்கிறார். மூவருடையதையும் கூட்டினால் நாளுக்குப் பதினான்கு மணிக்குக் குறையவில்லை. அடுத்த மாதத்திலிருந்து எங்கள் படிவத்தில் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, "வீட்டில் வேறு யார் கட்டிக்கொள்கிறார்கள்?" என்று கேட்கப்போகிறேன்.

பாதத்தைத் தொட்டேன். வயிற்றைப் போலவே வெதுவெதுப்பு.

கிளம்பும்போது மாமியார் வாசல்வரை வந்தார். கீழ் லயத்தில் ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளையாம், ஜனவரியில் பிரசவம். அதற்குத் துணி எத்தனை முழம் வேண்டும் என்று கேட்டார்.